பள்ளிச் சுவரில் உங்கள் லோகோ: நிதி தரும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை வட்டாரத்தில் சமூகப் பணிக்கு நிதி ஒதுக்கும் நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) பொறுப்பாளர்களுக்கு,

மேலூர்ப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் சுற்றுச்சுவரில் பிள்ளைகள் வரைந்திருந்த கண்மாய்ப் படத்தில் பாதியை, போன மார்ச் கடைசி வாரத்தில் உங்களில் ஒரு நிறுவனம் நீல வண்ணம் அடித்து மூடி, அதன் மேல் தன் லோகோவையும் பசுமையைப் பற்றி ஒரு வாசகத்தையும் எழுதிவிட்டது. பள்ளியிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்கவில்லை. வரைந்த பிள்ளைகளிடம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. மறுநாள் விழாவாம், பேனர் கட்டச் சரியான இடம் அமையவில்லையாம், அதனால் சுவரிலேயே எழுதிவிட்டார்களாம். இப்போது அந்தச் சுவரில் நீலத்துக்குக் கீழே ஒரு நத்தைகுத்தி நாரையின் கால்கள் மட்டும் தெரிகின்றன. உடம்பு இல்லை.

நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் இது ஒரு ஓவியருக்கும் ஒரு கம்பெனிக்கும் வந்த சண்டை என்று முடிந்துவிடும். வீதி நாடகம் போடுபவர்கள், பறை கற்றுக்கொடுப்பவர்கள், ஊர் ஊராகப் போய் படம் எடுப்பவர்கள், பிள்ளைகளுக்குக் கதை சொல்பவர்கள் என்று மதுரையில் சுயமாக வேலை செய்கிற யாரிடம் பேசினாலும் இதே மாதிரி ஒரு கதை இருக்கிறது. அதனால்தான் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் மதுரையில் தனியாக வேலை செய்யும் ஓவியர். புத்தக அட்டை, கல்யாணப் பத்திரிகை, கடைகளுக்கு எழுத்து, எப்போதாவது நோயாளிகளுக்கான விளக்கப் படங்கள், இவற்றில் வரும் பணத்தில் வீடு நடக்கிறது. மிச்சம் பிடிக்கும் நேரத்தை, யாரும் கூலி தர முடியாத ஆனால் செய்தே ஆக வேண்டும் என்று நான் நினைக்கும் வேலைகளுக்கு வைத்துக்கொள்கிறேன். இந்த ஏற்பாடு ஒன்றும் நான் கண்டுபிடித்தது அல்ல. டாக்டர் வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கி, கட்டணம் கட்டுபவர்களின் வருவாயிலேயே கட்ட முடியாதவர்களுக்கும் சிகிச்சை தர முடியும் என்று காட்டிய ஊர் இது. அதையேதான் என் அளவில், என் ஒருத்தியின் வாரத்துக்குள் செய்து பார்க்கிறேன். பெரிய வேலையை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆள் வைத்து ஸ்டூடியோ போடச் சொன்னவர்களுக்கும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். எனக்கு வேண்டியது குறைவு என்று தெரிந்த பிறகுதான் எதைச் செய்வது, எதைச் செய்ய மறுப்பது என்று முடிவெடுக்கும் உரிமை கைக்கு வந்தது. அதை விலைக்கு வாங்க யார் வந்தாலும் தரமாட்டேன், நல்ல காரியத்தின் பெயரில் வந்தாலும்.

அந்தச் சுவர் வேலை உங்கள் பணத்தில் தொடங்கியது அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியை கேட்டார், போனேன். பெரியாற்றுக் கால்வாயின் கடைமடைப் பகுதி, தண்ணீர் வந்தால் வந்தது, வராவிட்டால் மழைதான். கண்மாய்தான் அந்த ஊருக்கு எல்லாம். ஆனால் பிள்ளைகளை ஒரு படம் வரையச் சொன்னால் இரண்டு மலை, நடுவே சூரியன், ஒரு தென்னை மரம், ஓட்டு வீடு என்று பாடப்புத்தகத்தில் பார்த்ததை வரைகிறார்கள். அதனால் ஆரம்பத்தில் பென்சிலையே கையில் கொடுக்கவில்லை. விடுமுறை நாட்களில் கரையில் போய் உட்காருவோம், பார்ப்பது மட்டும்தான் வேலை. என் போன் பைக்குள் இருக்கும். முக்குளிப்பான் பறவை தண்ணீருக்குள் போனால் எங்கே எழும்பும் என்று காத்திருப்பார்கள். மடையான் கொக்கு நிற்பதே தெரியாமல் நின்று, பறக்கும்போது திடீரென்று வெள்ளையாகத் தெரிவதை ஒரு பிள்ளை முதன்முதலில் கவனித்து எழுந்து நின்று கத்தியது. மற்றவர்கள் "சும்மா இருடி, பறந்துபோச்சு" என்று திட்டினார்கள். ஒரு பையன் அயிரை வரைந்தான், பக்கத்தில் இருந்தவள் விடவில்லை: "மீசைய குட்டியா போடுடா, அது கெளுத்தி மீசை". மீன் கழுவும் வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. அங்கே நானும் படித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்புறம் நீர்பாய்ச்சி வேலை பார்த்த ஒரு தாத்தா. சாயங்காலம் பள்ளிப் பக்கம் வந்து நிற்பார். பிள்ளைகள் மடையை வெறும் கதவு போட்ட குழாயாக வரைந்திருந்தார்கள். அவர் கையிலிருந்த குச்சியால் மண்ணில் கோடு போட்டு, குமிழித் தூம்பு என்கிற பழைய மடை எப்படி வேலை செய்யும் என்று காட்டினார். மேலே நீரோடி, அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கும். அடியில் சேறோடி, அதன் வழியாகக் கண்மாய்க்குள் சேர்ந்த வண்டல் தண்ணீரோடு கலந்து வெளியே வந்து வயலுக்குப் போகும். தூர்வாரும் வேலையும் உரம் போடும் வேலையும் ஒரே கல்லில். அதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது. அவர் பேரனுக்கே அன்றுதான் அது தெரியும். படத்தில் மடையை அழித்துவிட்டு இரண்டு துளையும் தெரியும்படி, உள்ளே வெட்டிப் பார்த்த மாதிரி திரும்ப வரைந்தார்கள். சுவரின் நடுவில், எல்லோர் கண்ணும் முதலில் விழும் இடத்தில் வைத்தோம்.

உங்கள் லோகோ இருப்பது அந்த இடத்தில்.

வேலை பாதியில் இருக்கும்போதுதான் அந்த நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் வந்தார். மரியாதையான பையன், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெயிண்ட், பிரைமர், சாரம் கட்டும் செலவு நாங்கள் தருகிறோம் என்றார். சுவரில் ஒரு பக்கம் முழுக்க உப்புப் பூத்திருந்தது, கம்பிப் பிரஷ் போட்டுச் சுரண்டி, ஓதம் காய விட்டு, நல்ல எக்ஸ்டீரியர் எமல்ஷன் அடித்தால்தான் நிற்கும், பள்ளியிடம் அதற்குப் பணம் இல்லை. சரி என்றோம். கூலி பற்றி நான் கேட்டபோது அவர் சொன்னது: "ஆர்ட்டிஸ்டுக்குத் தனி ஹெட் இல்லைங்க மேடம், போட்டா அட்மின் செலவுலதான் வரும், அதுக்கு 5 சதவீதம்தான் லிமிட்." அதோடு, நல்ல காரியம்தானே.

இதைப் பலமுறை கேட்டிருப்பதால் விதியைத் தேடிப் படித்தேன். 5 சதவீத வரம்பு நிறுவனத்தின் பொது நிர்வாகச் செலவுக்குத்தான். ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, செயல்படுத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அந்த வரம்புக்குள் வரவே வராது என்று 2021 திருத்தத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. சாரம் கட்டிய மேஸ்திரிக்குக் கூலி கொடுத்தது திட்டச் செலவு என்றால், அந்தச் சாரத்தில் ஏறி வேலை செய்தவருக்குக் கூலி கொடுப்பதும் திட்டச் செலவுதான். நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு சொல்கிறது. எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற பட்டியலில் கலை, பண்பாடு, மரபுக் கலைகளின் வளர்ச்சி எல்லாமே இருக்கின்றன. பணம் இருக்கிறது, வழி இருக்கிறது. கலைஞரை மட்டும் தன்னார்வலராகவே வைத்திருப்பது உங்கள் பழக்கம், சட்டம் அல்ல.

கூலி இல்லாமல் நான் வேலை செய்வேன். செய்துகொண்டும் இருந்தேன். யாருக்குச் செய்வது என்பதை நான் முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஒரு பள்ளிக்கு என் ஞாயிற்றுக்கிழமையைத் தருவதும், கோடிகளில் லாபம் பார்க்கும் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கைக்கு என் ஞாயிற்றுக்கிழமையைத் தருவதும் ஒன்றல்ல.

அடுத்து வந்தது மலை விஷயம். மேலூர் வட்டாரத்தில் கிரானைட் எடுத்த பள்ளங்களைப் பார்க்காமல் வளர்ந்த பிள்ளை இல்லை. ஒரு பெண் பிள்ளை கண்மாய்க்குப் பின்னால் மலையை வரையும்போது, அது எப்படி இருக்கிறதோ அப்படியே, சதுரம் சதுரமாக அறுபட்டு, அடியில் பச்சைத் தண்ணீர் நிற்கும் பள்ளத்தோடு வரைந்தாள். பேசவே பேசாத பிள்ளை. ஒரு சாயங்காலம் முழுக்க நின்று வரைந்தாள். அதைப் புகைப்படத்தில் பார்த்துவிட்டு அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது, பாசிட்டிவ்வாக இருக்கட்டும், மலையை முழுசாக்கி மேலே மரம் போட்டுவிடுங்கள் என்று. நான் மறுத்தேன். அந்தப் பிள்ளைக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம், கண்ணுக்குத் தெரிவதை வரை என்பது. பொய் வரையச் சொல்லி அதே வாயால் சொல்ல முடியாது. இந்த ஊர்க்காரர்களுக்குத் தங்கள் நிலம் என்னவென்று தெரியும். பக்கத்தில் இருக்கும் அரிட்டாபட்டிதான் 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது ஊர் ஊராக எழுந்து நின்று, 2025 ஜனவரியில் அந்த ஏலத்தை ரத்து செய்ய வைத்தவர்கள் இவர்கள். இவர்கள் பிள்ளை வரைந்த மலையை நீங்கள் திருத்த வேண்டியதில்லை.

ஒரு காகிதமும் வந்தது. படம் தொடர்பான எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும், எல்லா ஊடகத்துக்கும் நிறுவனத்துக்கே என்று. நான் கையெழுத்துப் போடவில்லை. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் வரையச் சொன்னவரே உரிமையாளர். இங்கே என் வேலைக்கும் பிள்ளைகள் வேலைக்கும் நீங்கள் காசு கொடுக்கவே இல்லை. அப்படியே உரிமையை எழுதிக் கொடுத்தாலும், 57-ஆவது பிரிவின்படி, படைத்தவர் தன் பெயரைக் கோருவதற்கும், தன் பெயருக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைத்தால் எதிர்ப்பதற்கும் உள்ள உரிமை அவரிடமே இருக்கும். டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் பிரித்தெடுத்துக் கிடங்கில் போட்டார்கள். செய்யச் சொன்னதே அரசாங்கம். ஆனாலும் 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சமிருந்ததை அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லி, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது. நான் வழக்குப் போடப்போவதாக இதை எழுதவில்லை. பள்ளிக்கு அந்த அலைச்சல் வேண்டாம். உங்கள் சட்டப் பிரிவில் இருப்பவர்களுக்கு இது தெரியும் என்பதால், தெரியாது என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

என் அப்பா டவுன்ஹால் ரோட்டில் போர்டு எழுதியவர். பிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை அடித்துக்கொண்டு போகும்வரை, எந்தக் கடை போர்டாக இருந்தாலும் கீழே வலது மூலையில் சின்னதாக எழுதியவர் பெயர் இருக்கும். எந்தக் கடைக்காரரும் அதை அழிக்கச் சொன்னதில்லை. காசு கொடுத்தவருக்கு நடு இடம், கை வைத்தவருக்கு மூலை, இரண்டு பேருக்கும் மரியாதை. எங்கள் சுவரில் மூலையில் பிள்ளைகளின் பெயர்கள் இருந்தன. அதுவும் நீலத்துக்குள் போய்விட்டது.

அப்புறம் இந்த அவசரம். மார்ச் 31-க்குள் முடிக்க வேண்டும், கணக்கை மூட வேண்டும் என்று கடைசி மாதத்தில் தினம் போன். ஓதம் காயாத சுவரில் அடித்தால் ஒரே மழையில் உரிந்துவிடும் என்று சொன்னால் கேட்கிற நிலையில் யாரும் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை பயனாளிகளின் முகம் தெரிகிற மாதிரி ஜியோடேக் (எடுத்த இடம் பதிவாகிற) போட்டோ வேண்டும். ஒரு படம் எடுக்க எல்லாப் பிள்ளைகளையும் பிரஷ்ஷோடு திரும்பி நிற்கச் சொன்னால், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த கண் கேமராவைப் பார்க்க ஆரம்பிக்கிறது, அந்தச் சாயங்காலம் அதோடு முடிந்தது. மலையை வரைந்த பிள்ளை போட்டோ எடுக்கிறார்கள் என்றாலே வரமாட்டாள், வகுப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். நான் மதிக்கும் வாழ்க்கையில் ஒரு வேலைக்கு அதற்குரிய நேரத்தைக் கொடுப்பது அடிப்படை. அதையே பிள்ளைகளுக்கும் பழக்க வேண்டும் என்றுதான் கரையில் உட்கார வைத்தேன். நீங்கள் வந்த பிறகு அவர்கள் பழகியது, யாராவது வந்தால் வேலை செய்வதைப் போல நிற்பது.

இந்த அவசரத்துக்கும் சட்டம் காரணம் இல்லை. பல ஆண்டுத் திட்டமாக அங்கீகரித்தால், செலவாகாத பணத்தை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனிக் கணக்குக்கு மாற்றி, அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவிடலாம் என்று 135-ஆவது பிரிவிலேயே இடம் இருக்கிறது. பொருட்களுக்கோ சேவைக்கோ விளம்பரப் பலன் கிடைப்பதற்காக ஸ்பான்சர் முறையில் செய்யும் எதுவும் சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது என்றும் விதி சொல்கிறது. லோகோவே கூடாது என்று அதற்குப் பொருள் இல்லை. ஆனால் பிள்ளைகளின் படத்தை அழித்து அந்த இடத்தில் ஆளுயரத்துக்கு எழுதிய லோகோவை எந்தக் கணக்கில் எழுதினீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

கணக்கு என்றதும் ஜே.சி. குமரப்பாதான் நினைவுக்கு வருகிறார். லண்டனில் படித்த கணக்காளர், பம்பாயில் நன்றாக நடந்துகொண்டிருந்த தொழிலை விட்டுவிட்டு காந்தியோடு சேர்ந்தவர், 1934 பீகார் நிலநடுக்க நிவாரணப் பணத்தின் கணக்கைப் பார்த்தவர். கடைசிக் காலத்தில் இங்கே தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வாழ்ந்தார். கணக்கு சரியாக இருப்பதையும் செய்யும் வேலை சரியாக இருப்பதையும் அவர் தனித்தனியாகப் பார்க்கவில்லை. இங்கேயே, நம் பக்கத்து ஊரில் வாழ்ந்த மனிதர். உங்கள் அலுவலகங்களில் அவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி எனக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் உங்களிடம் வேண்டியவை.

முதலில் அந்தச் சுவர். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்குள் நீல வண்ணத்தின் மேல் பிரைமர் அடித்து இடத்தைத் தயார் செய்து கொடுங்கள். மடையையும் நாரையையும் பிள்ளைகள் அவர்கள் நேரத்துக்குத் திரும்ப வரைவார்கள், அதற்கான பெயிண்ட் செலவு உங்களுடையது. திறப்பு விழா வேண்டாம், போட்டோ வேண்டாம். அறுபட்ட மலை அறுபட்டபடியே இருக்கும். நீங்கள் உதவியதைச் சொல்ல வேண்டும் என்றால் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை வைத்துக்கொள்ளுங்கள், அதில் எங்களுக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.

இனி எந்தக் கலைஞரை அழைத்தாலும் அவர் கூலியைத் திட்டச் செலவில் முதலிலேயே எழுதுங்கள். ஒருவர் வேண்டாம் என்றால் அது அவர் விருப்பம், நீங்கள் கேட்பதற்கு முன்பே இலவசம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஒப்பந்தத்தில் உரிமை செய்தவரிடமே இருக்கட்டும். உங்கள் அறிக்கையில் இத்தனை ஆண்டு பயன்படுத்திக்கொள்ளலாம் என்று தெளிவாக எழுதி வாங்குங்கள், செய்தவர் பெயரைப் போடுங்கள், பிள்ளைகள் செய்திருந்தால் பிள்ளைகள் பெயரையும். ஊர்க்காரர்கள் பார்த்ததையும் சொன்னதையும் திருத்தச் சொல்லாதீர்கள். உள்ளடக்கம் பிடிக்கவில்லை என்றால் ஆரம்பத்திலேயே நிதி தர மறுத்துவிடுங்கள், அது நேர்மையான பதில், நாங்கள் வேறு வழி பார்த்துக்கொள்வோம்.

நேரம் எடுக்கும் வேலையைப் பல ஆண்டுத் திட்டமாக எழுதுங்கள். பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளின் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். வேலை நடக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றால் வாருங்கள், வந்து கரையில் எங்களோடு உட்காருங்கள்.

பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். எழுத்தில் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அனுப்புங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள். சுவரைப் பற்றிக் கேட்க வேண்டியது அவர்களிடம்தான். ஜூனில் அடுத்த கூட்டம் நடக்கும்போது உங்கள் கடிதம் அங்கே வாசிக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
மேலூர்ப் பள்ளிப் பிள்ளைகளோடு சுவர் வரைந்த ஓர் ஓவியர்
மதுரை